மாவுப்பூச்சி என்றால் எந்த மாவுப்பூச்சி?

2021-ஆம் ஆண்டுக் கோடையில், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி பயிரிடும் விவசாயி ஒருவர் நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு பாலித்தீன் பையோடு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். பைக்குள் சுருண்டு குறுகிப்போன மரவள்ளி நுனிக்குருத்துகளும், அவற்றின் மடிப்புகளில் வெள்ளைப் பொடி பூசிய பூச்சிகளும் இருந்தன. “பத்து வருசத்துக்கு முன்னாடி வந்த அதே மாவுப்பூச்சிதான் சார். அப்ப ஒரு குட்டிக் குளவி கொடுத்து அடக்கினீங்களே, அதையே இப்பவும் கொடுத்துடுங்க” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் முதன்முதலாகப் பதிவான பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று பரவியது. என்ன மருந்து அடித்தாலும் இரண்டு வாரத்தில் மீண்டும் வெண்மை படர்ந்தது. 2010-இல் பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றுள் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி தமிழகத்தின் வயல்களில் நன்றாகக் காலூன்றி, பூச்சியைப் பெருமளவு அடக்கிவிட்டது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு குளவி தம் தோட்டத்தைக் காத்ததை நேரில் கண்ட தலைமுறை அது. அந்த நம்பிக்கையோடுதான் அவர் வந்திருந்தார்.

ஆனால் பைக்குள் இருந்தது அந்தப் பூச்சி அல்ல. பப்பாளி மாவுப்பூச்சியின் உடல் மஞ்சள் நிறமானது. அதை ஆல்கஹாலில் போட்டுவைத்தால் சில நாட்களில் நீலங்கலந்த கறுப்பாக மாறிவிடும். இவர் கொண்டுவந்தவை வெண்பொடிக்குக் கீழே இளஞ்சிவப்பாக இருந்தன, ஆல்கஹாலிலும் கறுக்கவில்லை. கண்ணாடித் தகட்டில் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, பப்பாளி மாவுப்பூச்சியின் உணர்கொம்பில் 8 கணுக்கள் இருக்க வேண்டிய இடத்தில் 9 கணுக்கள் தெரிந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, 2020-இல், கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, ஃபெனாக்காக்கஸ் மேனிஹோட்டி, சேலம் வட்டாரத்துக்கும் வந்துவிட்டிருந்தது. பின்னர் எடுத்த மரபணுச் சோதனையும் அதையே சொன்னது.

இரண்டுக்கும் பொதுப்பெயர் மாவுப்பூச்சி என்றிருந்தாலும், ஒட்டுண்ணிக் குளவியைப் பொறுத்தவரை அவை வெவ்வேறு உலகங்கள். தனக்கு உரிய பூச்சியை மணத்தாலும் உடல் அளவாலும் அறிந்து, அதன் உடலுக்குள் முட்டையிடும் குளவி, தவறான இனத்தில் முட்டையிட நேர்ந்தால், அந்தப் பூச்சியின் இரத்த அணுக்கள் முட்டையைச் சுற்றி உறைபோட்டு அழித்துவிடும். எனவே அசெரோஃபேகஸை எத்தனை ஆயிரம் விட்டாலும் மரவள்ளி மாவுப்பூச்சி குறையப்போவதில்லை. இதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவர் முகத்தில் இருந்த ஏமாற்றம் அப்போதும் அகலவில்லை.

இதே தடுமாற்றம் ஒரு கண்டத்தின் அளவில் ஒருமுறை நடந்திருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் தென்னமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதிக்கு எப்படியோ வந்து சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி, கோடிக்கணக்கான மக்களின் அன்றாட உணவான கிழங்குப் பயிரின் சாற்றை உறிஞ்சிப் பரவியது. 1977-இல்தான் அதற்கு அறிவியல் பெயரே கிடைத்தது. எதிரிப் பூச்சியைத் தேடித் தென்னமெரிக்காவின் வட பகுதிக்குச் சென்றவர்கள் அங்கே மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சியைக் கண்டு, அதன் ஒட்டுண்ணிகளைச் சேகரித்துச் சோதித்தார்கள். அவை ஆப்பிரிக்கப் பூச்சியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காரணம், அது ஃபெனாக்காக்கஸ் ஹெரெனி என்ற உறவினப் பூச்சி. ஹெரெனியில் ஆணும் பெண்ணும் உண்டு. மேனிஹோட்டியிலோ ஆணே தேவையில்லாமல் பெண் பெண்ணையே ஈனும். கடைசியில் 1981-இல் பூச்சியியலாளர் ஆந்தனி பெலோட்டி பராகுவே நாட்டில் உண்மையான மேனிஹோட்டியைக் கண்டார். அதைத் தாக்கும் அனகைரஸ் லோபெசி என்ற குளவியும் அங்கிருந்தே கிடைத்தது. ஆப்பிரிக்க நாடுகளில் அக்குளவியைப் பரப்பிய பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. அன்று மரபணுச் சோதனை கையில் இருந்திருந்தால் தேடலில் கழிந்த ஆண்டுகள் குறைந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

நம் நாட்டுக்கு அந்த அனுபவம் பயன்பட்டது. பூச்சி இன்னதென்று உறுதியான பின், 2021-இல் பெனின் நாட்டிலிருந்து அதே அனகைரஸ் லோபெசி வரவழைக்கப்பட்டு, தனிமைப்படுத்திச் சோதிக்கப்பட்டு, 2022 மார்ச் மாதம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக வயலில் விடப்பட்டது.

இனி, மரபணுச் சோதனை என்று நாங்கள் சொல்வது என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். விலங்குகளின் பெரும்பாலான செல்களில் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் ஏராளமாக உள்ளன; அவற்றுக்குத் தனியே டிஎன்ஏ உண்டு. அதில் சிஓஐ எனப்படும் மரபணுவின் தொடக்கத்திலுள்ள 658 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு, ஒரே இனத்துக்குள் பெரும்பாலும் ஒன்றுபோல் இருந்து, இனத்துக்கு இனம் மாறுபடுகிறது. கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹீபர்ட்டும் அவருடைய குழுவினரும் 2003-இல் இந்தத் துண்டை விலங்கினங்களின் அடையாளக் குறியாகக் கொள்ளலாம் என்று முன்மொழிந்தார்கள். கடைப் பொருளின் மேலுள்ள பார்கோடு போல என்பதால் டிஎன்ஏ பார்கோடு என்ற பெயர் நிலைத்தது. பூச்சியின் ஒரு காலே போதும். அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, பிசிஆர் முறையில் அந்தத் துண்டை மட்டும் பல கோடி மடங்கு பெருக்கி, எழுத்து வரிசையைப் படித்து, உலகத் தரவுத்தளங்களோடு ஒப்பிடுகிறோம். முட்டை, புழு, கூட்டுப்புழு என எந்தப் பருவமானாலும் விடை கிடைக்கும் என்பதுதான் இதன் பெரிய வசதி; நுண்ணோக்கி வகைப்பாட்டுக்குப் பெரும்பாலும் முதிர்ந்த பூச்சியே வேண்டியிருக்கிறது.

ஆயினும் இயந்திரம் சொன்னது இறுதி என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மாவுப்பூச்சி ஒன்றை முழுதாக அரைத்துச் சோதித்தபோது, திரையில் வந்த எழுத்து வரிசை ஒரு குளவியினுடையதாக இருந்தது; பூச்சியின் வயிற்றுக்குள் குளவியின் புழு வளர்ந்துகொண்டிருந்தது, பொதுவான பிரைமர் (பெருக்க வேண்டிய துண்டின் ஓரங்களில் போய் ஒட்டும் குறுகிய டிஎன்ஏ இழை) அதைத்தான் பிடித்தது. மாவுப்பூச்சிகளில் பொதுப் பிரைமர்கள் சரிவர ஒட்டாமல் போவதும் வழக்கம் என்பதால் இப்படி நேர்வது வியப்பல்ல. (இதையே திருப்பிப் பயன்படுத்தி, வெளியே நலமாகத் தெரியும் பூச்சிகளுக்குள் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று முன்கூட்டியே அறிகிறோம்.) தரவுத்தளங்களில் தவறான பெயரோடு சேர்க்கப்பட்ட வரிசைகளும் உண்டு, ஒருவர் தவறாக எழுதிய பெயரை அடுத்தவர் ஒப்பிட்டு நகலெடுக்க, தவறு பெருகுகிறது. மாதிரிப் பூச்சியின் உடலைப் பாதுகாத்து வைத்திருந்தால் மட்டுமே பின்னொரு நாள் சரிபார்க்க முடியும்.

ஒரு மரபணுவை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மக்காச்சோளப் படைப்புழு நல்ல பாடம். 2018-இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு அதே ஆண்டில் தமிழக மக்காச்சோள வயல்களையும் சூறையாடிய இப்புழுவில், நெல் வகை, மக்காச்சோள வகை என இரு பிரிவுகள் அமெரிக்கக் கண்டத்தில் அறியப்பட்டவை. இங்கே எடுத்த மாதிரிகளில் பெரும்பாலானவை, சிஓஐ துண்டைப் பார்த்தால் நெல் வகை என்றன. செல்லின் கருவிலுள்ள வேறொரு மரபணுவைப் பார்த்தால் மக்காச்சோள வகை என்றன. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டுமே வருவது என்பதால், எப்போதோ நடந்த கலப்பின் தடம் அதில் தங்கிவிடும்.

பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் 2016-இல் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈயும் இத்தகைய பெயர்க் குழப்பத்தோடுதான் வந்தது. 1990-களில் நுழைந்த பழைய சுருள் வெள்ளை ஈ ஏற்கெனவே இங்கே இருந்தது. புதிதாக வந்ததும் அதுபோலவே ஓலையின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டது. அதன் தேன்கழிவு வடிந்து கீழோலைகளில் கரும்பூசணம் படர்ந்தது. அடுத்த இரண்டாண்டுகளில் கூடுகட்டும் வெள்ளை ஈக்கள் என இன்னும் இரண்டு வகைகள் வந்து அதே ஓலையில் குடியேறின. நல்வாய்ப்பாக, பழைய வெள்ளை ஈயோடு நாமறியாமல் நாட்டுக்குள் வந்திருந்த என்கார்சியா குவாதலூப்பே என்ற குளவி, புதிய சுருள் வெள்ளை ஈயையும் தாக்கத் தொடங்கியது. இப்போது தோப்புக்குச் செல்லும்போது ஒரு கைலென்ஸோடு ஓலையின் அடிப்புறத்தில் உள்ள காலிக் கூடுகளைப் பார்க்கச் சொல்கிறேன்: கூட்டின் முதுகு பிளந்திருந்தால் வெளியேறியது வெள்ளை ஈ, வட்டமான துளை இருந்தால் வெளியேறியது குளவி. வட்டத் துளைகள் கணிசமாக இருக்கும் தோப்பில் பூச்சிக்கொல்லி அடிப்பது, நம் செலவில் நம் காவலாளியைக் கொல்வதாகும்.

காய்கறி வயல் வெள்ளை ஈயில் நிலைமை இன்னும் சிக்கலானது. பெமிசியா டபாசி என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது, உருவத்தால் பிரித்தறிய முடியாத பல இனங்களின் தொகுப்பு என்பதை மரபணுவே காட்டியது. 1999-இல் கோலார் பகுதித் தக்காளியில் பி வகை என்று கண்டறியப்பட்டது, முன்னிருந்த ஆசிய வகைகளிலிருந்து வேறானது. அது தாக்கினால் பூசணி இலை வெள்ளி பூசினாற்போல் வெளுக்கும். மருந்தைத் தாங்கும் திறனும் நச்சுயிரியைப் பரப்பும் திறனும் வகைக்கு வகை மாறுகின்றன.

நன்மை செய்யும் பூச்சிகளை உற்பத்தி செய்வோருக்கும் இந்தச் சோதனை வேண்டும் என்பது என் கருத்து. கரும்பின் இடைக்கணுப்புழுவுக்கு டிரைக்கோகிரம்மா கைலோனிஸ், நெல்லின் தண்டுத் துளைப்பானுக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்று முட்டை ஒட்டுண்ணி அட்டைகளைக் கொடுக்கிறோம். அரை மில்லிமீட்டரே உள்ள இக்குளவிகளை ஆண் இனவுறுப்பின் அமைப்பைக் கொண்டோ, ஐடிஎஸ் 2 எனப்படும் டிஎன்ஏ பகுதியைக் கொண்டோதான் பிரிக்க முடியும். ஒரே அறையில் இரண்டையும் வளர்க்கும்போது ஒன்று மற்றொன்றில் கலந்துவிட்டால், அட்டையின் மேலுள்ள பெயர் மாறாது, உள்ளே இருப்பது மாறிவிடும். சில டிரைக்கோகிரம்மா இனங்களில் வால்பாக்கியா என்ற நுண்ணுயிர் குடியிருந்து, ஆணில்லாமலே பெண் பிறக்கும்படி செய்கிறது. அப்படிப்பட்ட வளர்ப்பில் ஆணைத் தேடிப் பெயர் கண்டறிவது வீண் வேலை.

கடலிலும் இதே கதைதான். கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், பாறை மீன் குடும்பத்தில் பிடிபட்டு விற்கப்பட்டு வந்த ஒரு மீன் இதுவரை பெயரிடப்படாத தனி இனம் என்று மரபணு ஆய்வின் துணையோடு கண்டு, அதற்கு ஸ்காம்பராய்டஸ் பெலாஜிக்கஸ் என்று பெயரிட்டது. 2023-இல் மத்தி மீனின் முழு மரபணுத்தொகுதியையும் வெளியிட்டது. மன்னார் வளைகுடாவில் பெயர் சட்டத்தோடு பிணைந்தது: கடல் அட்டைகள் 2001 முதல் இந்தியாவில் பாதுகாக்கப்பட்டவை, பிடிப்பதும் விற்பதும் குற்றம். அக்கரையில், இலங்கையில், உரிமம் பெற்றுப் பிடிக்கலாம், வளர்க்கலாம். வேகவைத்து உலர்த்திய அட்டை வெறும் கறுத்த கட்டையாகவே கைக்கு வரும். அதில் டிஎன்ஏ சிதைந்திருப்பதால் 658 எழுத்துகளுக்குப் பதில் இன்னும் குறுகிய துண்டைப் படித்து இனத்தை நிறுவ வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு மாதிரி அனுப்புவோர் பாதி வேலையைத் தாங்களே கெடுத்துவிடுவது வருத்தமானது. பாலித்தீன் பையில் இலையோடு கட்டிய பூச்சி வியர்த்து அழுகி, டிஎன்ஏவும் அழிந்துவிடுகிறது. ஃபார்மலின் ஊற்றியதை அறவே அனுப்ப வேண்டாம். அது டிஎன்ஏவைப் பிணைத்துக் கெடுத்துவிடும். சிறு மூடிக்குப்பியில் 95 விழுக்காட்டுக்குக் குறையாத எத்தனாலை நிரப்பி, பத்துப் பதினைந்து பூச்சிகளை அதில் போட்டு, வெயில் படாமல் வைத்து அனுப்பினால் போதும். மீனாக இருந்தால் துடுப்பிலிருந்து விரல் நகம் அளவு வெட்டிய துண்டே போதும், முழு மீனின் படம் ஒன்று கூடவே வேண்டும். உயிரோடு ஒட்டுண்ணி பொரித்து வருகிறதா என்று பார்க்க, தாக்கப்பட்ட குருத்து சிலவற்றைத் தனியே காகிதப் பையில் வையுங்கள். ஊர், பயிர், தேதி, கடைசியாக அடித்த மருந்து ஆகியவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனாவால் எழுதியது எத்தனாலில் கரைந்து, நீல நிறத் தண்ணீராகத்தான் எங்கள் மேசைக்கு வந்து சேர்கிறது.