தன்னிறைவு இயங்குகோப்பு: ஒரு சொல் விளக்கம்

ஒரு மேசைக்கணினிச் செயலியை, அது ஓடத் தேவையான நிரலகங்கள் (லைப்ரரி, அதாவது பல செயலிகள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்கள்), எழுத்துருக்கள், படங்கள் எல்லாவற்றோடும் சேர்த்துத் தரும் கோப்புக்கு ஆங்கிலத்தில் ஸ்டேண்டலோன் எக்ஸிக்யூட்டபிள் என்று பெயர். வாங்குகிறவர் தன் கணினியில் வேறெதையும் நிறுவ வேண்டியதில்லை. இரட்டைச் சொடுக்கில் திறந்துகொள்ளும். இதற்கு நான் பரிந்துரைக்கும் தமிழ்ச் சொல் தன்னிறைவு இயங்குகோப்பு. அதை உருவாக்கும் வேலைக்குப் பொதிதல்.

இராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை என்று எந்த ஊர்க் கடைக்குக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தாலும் கடைசியில் இந்தக் கோப்பைத்தான், ஈஎக்ஸ்ஈ என்ற அதன் விண்டோஸ் பெயரில், கேட்கிறார்கள்: "ஈஎக்ஸ்ஈயா மாத்திக் குடுத்துருங்க தம்பி, பென்டிரைவ்ல போட்டா போதும்." கேட்கிறவர் கருவாட்டு வியாபாரியாகவோ ஐஸ் கம்பெனிக்காரராகவோ நண்டு ஏலம் எடுப்பவராகவோ இருக்கலாம். அவருடைய கணினியில் பைத்தான் இருக்காது, ஜாவா இருக்காது, இணையம் விட்டு விட்டு வரும். அவர் கேட்பது முழு நியாயம். ஆனால் அந்த 'மாத்தி' என்ற வினை, கேட்கிறவரை மட்டுமல்லாமல் எழுதிக் கொடுக்கிற தம்பியையும் திசைதிருப்புகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எக்ஸிக்யூட் என்ற வினையின் மூலம் லத்தீன். 'வெளியே, முடிவுவரை' என்ற பொருள் தரும் எக்ஸ் என்ற முன்னொட்டும் 'பின்தொடர்' என்ற வினையும் சேர்ந்தது. ஒன்றைக் கடைசிவரை தொடர்ந்து செல்வது என்பது அடிப்பொருள். அது ஆணையை நடத்தி முடிப்பது என்றாகி, சட்டத்துக்குள் போனதும் உயிலுக்கும் மரண தண்டனைக்கும் அதே வினை வந்தது. கணினிக்குள் அது ஆணைகளை வரிசையாக நடத்துவதைக் குறித்தது. அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு தமிழாக்கியவர்கள் 'நிறைவேற்றத்தக்க கோப்பு', 'செயற்படுத்தக்கூடிய கோப்பு' என்று எழுதினார்கள். பொருளில் பிழையில்லை. ஆனால் நிரலை நிறைவேற்றினேன் என்று எந்த ஊரிலும் யாரும் சொல்வதில்லை. "ஓடுது", "ஓடலை" என்றுதான் சொல்கிறோம்.

எழுத்து வழக்கில் இந்த 'ஓடு' என்பதற்கு மிக அருகில் நிற்கும் சொல் 'இயங்கு'. அசைதல், நடமாடுதல், செல்லுதல் என்பவை அதன் பழைய பொருள்கள். இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை. இயந்திரம் என்ற சொல்லும் இதிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது வடமொழி யந்திரத்தின் தமிழ் வடிவம். ஒலி ஒப்புமைதான் காரணம்.

'இயங்குகோப்பு' என்று சொல்லும்போது தமிழ் இலக்கணம் நமக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. இது வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல முக்காலத்துக்கும் பொருந்தும்: இயங்கிய கோப்பு, இயங்குகிற கோப்பு, இயங்கும் கோப்பு. ஆங்கிலச் சொல்லின் வாலில் இருக்கும் 'ஏபிள்' என்பதற்காகத் தக்க, கூடிய, வல்ல என்று எதையும் ஒட்டவைக்க வேண்டிய தேவையே இல்லை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஆகவே 'இயங்குக்கோப்பு' என்று எழுதுவது பிழை. ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு இயங்குதளம் என்ற சொல் ஏற்கெனவே பரவிவிட்டது. அந்தத் தளத்தின்மேல் இயங்குவது இயங்குகோப்பு என்று இரண்டும் சேர்ந்து நிற்கும்.

ஈஎக்ஸ்ஈ என்பது கோப்புப் பெயரின் பின்னொட்டு மட்டுமே. விண்டோஸுக்கு முந்தைய மைக்ரோசாஃப்ட்டின் டாஸ் இயங்குதளக் காலத்திலிருந்து வருவது. விண்டோஸில் எந்த ஈஎக்ஸ்ஈ கோப்பையும் நோட்பேடில் திறந்து பாருங்கள், முதல் இரண்டு எழுத்தும் எம், இசட் என்று இருக்கும். அந்த வடிவத்தை அமைத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரெழுத்துகள் அவை. லினக்ஸில் எல்ஃப், மேக்கில் மாக்-ஓ என்று வடிவங்கள் வேறு. ஆகவே 'ஈஎக்ஸ்ஈ' என்று எல்லாவற்றையும் அழைப்பது விண்டோஸுக்கு மட்டும்தான் பொருந்தும். இயங்குகோப்பு என்றால் மூன்றுக்கும் பொருந்தும்.

அடுத்தது லைப்ரரி. லத்தீனில் லீபர் என்றால் மரத்தின் உட்பட்டை; அதில் எழுதியதால் புத்தகத்துக்கும் அதுவே பெயரானது. பனை நிறைந்த நம் ஊர்களில் ஓலை என்ற சொல்லே கடிதத்தையும் குறித்ததுபோலத்தான். கணினியில் இந்தச் சொல் நுழைந்த கதை நம் பேச்சுக்கு நேரடியாக உதவுகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949இல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு, அடிக்கடி தேவைப்படும் கணக்கு வழிகளைத் துளையிட்ட காகித நாடாக்களில் எழுதி அலமாரியில் சேர்த்துவைத்தார்கள். அந்தச் சேமிப்புக்கு லைப்ரரி என்று பெயர். தேவைப்பட்டவர் அந்த நாடாவிலிருந்து தன் நிரல் நாடாவுக்குப் படியெடுத்துக்கொள்வார். அதாவது தொடக்கத்தில் நிரலகத்தைப் பயன்படுத்துவது என்றாலே அதைத் தன் நிரலுக்குள் சேர்த்துக்கொள்வதுதான்.

நினைவகமும் வட்டும் விலை மிகுந்திருந்த காலத்தில், ஒரே நிரலகத்தைப் பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும் முறை வந்தது. விண்டோஸில் டிஎல்எல், லினக்ஸில் எஸ்ஓ கோப்புகள் அப்படி வந்தவை. இடம் மிச்சமானது, சண்டையும் வந்தது. ஒரு செயலி புதிய பதிப்பை நிறுவும், பழையதை நம்பிய இன்னொரு செயலி நின்றுபோகும். நிரலாளர்கள் இதற்கு டிஎல்எல் நரகம் என்றே பெயர் வைத்தார்கள். இன்று வட்டு மலிவு. நிரலகங்களை மறுபடி உள்ளேயே சேர்த்துத் தரும் பழக்கம் திரும்பியிருக்கிறது.

லைப்ரரிக்கு நூலகம் என்று எழுதுபவர்கள் உண்டு. புத்தகம் படிக்கும் இடம் என்ற பொருள் நூலகத்தோடு அவ்வளவு இறுகியிருக்கும்போது, கணினிக் குறிப்பில் அது வாசகரை ஒரு நொடி தடுமாற வைக்கிறது. நிரலகம் நல்ல சொல். நிரல் என்றால் வரிசை, ஒழுங்கு; நிரல்நிறை என்று இலக்கணத்தில் படித்த அதே நிரல். நிரல்களுக்கு அகம் நிரலகம்.

இனி ஸ்டேண்டலோன். தனியாக நிற்பது என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'தனித்தியங்கும் கோப்பு' வரும். அப்படி எழுதப்படுவதையும் பார்க்கிறேன். எனக்கு அதில் நிறைவு இல்லை. தனித்து என்றால் துணை எதுவும் இல்லாமல் என்று தொனிக்கிறது, உள்ளதோ நேர்மாறு. துணைகள் அத்தனையையும் உள்ளே ஏற்றிக்கொண்டதால்தான் அது வெளியே யாரையும் தேடுவதில்லை. பல நாள் கடலில் தங்கிப் பிடிக்கப் போகும் விசைப்படகு டீசல், ஐஸ், குடிதண்ணீர், அரிசி, மாற்று வலை எல்லாம் ஏற்றிக்கொண்டுதான் கரையை விடும், நடுக்கடலில் கடை இருக்காது. அந்தப் படகைத் தனித்த படகு என்று சொன்னால் விஷயம் விட்டுப்போகிறது. ஆங்கிலத்திலேயே செல்ஃப்-கன்டெயின்ட் என்ற இன்னொரு சொல்லும் இதற்கு வழங்குகிறது. மைக்ரோசாஃப்ட்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டின் ஆவணங்கள் அதைத்தான் எழுதுகின்றன. தன்னிறைவு என்பது அந்தக் கருத்துக்குச் சரியாகப் பொருந்தும் தமிழ்.

பண்டில், பேக்கேஜ் என்ற வினைகளுக்குத் தமிழில் சொல் தேடி அலையவே வேண்டாம், 'பொதி' இருக்கிறது. மாட்டின் முதுகில் ஏற்றும் மூட்டை பொதி, வழிக்குக் கட்டிக்கொண்டு போகும் சோறு பொதிசோறு. வினையாக வரும்போது உள்ளடங்கியிருப்பதையும் குறிக்கும்: பொருள் பொதிந்த பேச்சு. கட்டுவது, உள்ளே அடக்குவது என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. பொதிந்து தந்தேன், நிரலகம் பொதிந்த கோப்பு, பொதிகருவி என்று எப்படி வேண்டுமானாலும் வளரும்.

இப்போது அந்த 'மாத்திக் குடுங்க' விஷயத்துக்கு வருவோம். பைத்தானில் எழுதிய செயலியைப் பைஇன்ஸ்டாலர் போன்ற கருவியில் கொடுத்து ஈஎக்ஸ்ஈ எடுக்கும்போது, நிரல் எந்திர மொழிக்கு மாறிவிடுவதாகப் பலர் நம்புகிறார்கள். வேகம் கூடும், மூலநிரலை யாரும் பார்க்க முடியாது என்ற நம்பிக்கைகளும் கூடவே வருகின்றன. நடப்பது வேறு. பைத்தான் நிரலைப் படித்து ஓட்டும் இன்டர்பிரெட்டர், நம் நிரலின் பைட்கோடு (அந்த இன்டர்பிரெட்டர் படிக்கும் இடைநிலை வடிவம்), அது அழைக்கும் நிரலகங்கள், அவை அழைக்கும் டிஎல்எல்கள் எல்லாம் சேர்த்துப் பொதியப்படுகின்றன, அவ்வளவுதான். ஓடும் வேகம் அதேதான். பைட்கோடைப் பிரித்தெடுக்கும் கருவிகள் இருப்பதால் கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதிவைத்து ஈஎக்ஸ்ஈக்குள் ஒளித்துவிட்டதாக நிம்மதியடையக் கூடாது.

பொதிந்திருக்கிறது என்று புரிந்துகொண்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: எங்கே பிரிக்கிறது? ஒரே கோப்பாகப் பொதிந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது ஒரு தற்காலிகக் கோப்புறையில் தன்னைப் பிரித்துவைத்து அங்கிருந்து ஓடுகிறது. மூடும்போது அந்தக் கோப்புறையை அழிக்கிறது. திறக்க நேரமாவது இதனால்தான். நடுவில் கரண்ட் போனால் அழிக்க வழியில்லாமல் அந்தக் கோப்புறை வட்டிலேயே தங்கிவிடும், நாளடைவில் இடத்தை அடைக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 'நிரல் இருக்கும் இடத்திலேயே தரவுத்தளத்தை வை' என்று எழுதியிருந்தால், அந்த இடம் இப்போது தற்காலிகக் கோப்புறை. அன்றைக்குப் பதிந்த வரவு, முன்பணம், ஏலத் தொகை எல்லாம் மூடியவுடன் போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுவாரியாகக் கணக்கு பார்க்க உட்காருகிற ஒருவருக்கு இது என்ன இழப்பு என்று நினைத்துப் பாருங்கள். எழுதும் தரவு பயனரின் ஆவணக் கோப்புறைக்குத்தான் போக வேண்டும். பொதிக்குள் இருப்பவை படிக்க மட்டும். இதை எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு தம்பியும் தங்கச்சியும் முதல் நாளே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

தன்னிறைவு என்பதற்கும் எல்லை உண்டு. இயங்குதளம் பொதிக்குள் வராது. விண்டோஸில் பொதிந்தது விண்டோஸில்தான் ஓடும், லினக்ஸுக்கு லினக்ஸில் பொதிய வேண்டும். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டது, ஆனால் பழைய கணினி கடையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பைத்தான் 3.9 முதல் விண்டோஸ் 7இல் இயங்காது. அங்கே கொடுக்க வேண்டுமென்றால் 3.8ஐ வைத்துத்தான் பொதிய வேண்டும். அங்குள்ள விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

தமிழ் எழுத்துருவைப் பொதிவது நம்மவர்கள் அடிக்கடி மறப்பது. விண்டோஸில் லதா இருக்கிறதே என்று விட்டுவிட்டு, லினக்ஸில் திறந்தால் 'வாளைமீன்' என்ற இடத்தில் வரிசையாகக் கட்டங்கள் நிற்கும். லதாவை எடுத்துப் பொதியவும் முடியாது, அது மைக்ரோசாஃப்ட்டின் உரிமம். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருவைப் பொதிந்து, செயலியின் திரைகளை அமைக்கும் கியூடி நிரலகத்தில் அதை ஏற்றிக்கொள்ளலாம். அதேபோல, பயனர் பெயரோ கோப்புறைப் பெயரோ தமிழில் இருக்கும் ஒரு கணினியில் திறந்து பார்க்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

வைரஸ் தடுப்பான் சில நேரம் இந்தக் கோப்புகளைப் பிடித்துக்கொள்ளும். தீங்குநிரல் எழுதுபவர்களும் இதே பொதிகருவிகளைப் பயன்படுத்துவதால், தொடக்கப் பகுதி ஒன்றுபோல் தெரிகிறது. கடைக்காரரிடம் தடுப்பானை அணைத்துவிடச் சொல்வது தவறு. கோப்பை உருவாக்கியவர் யார் என்று காட்டும் கையொப்பச் சான்றிதழ் வாங்க வசதியில்லை என்றால், ஒரே கோப்புக்குப் பதில் கோப்புறையாகப் பொதிந்து தருவது பெரும்பாலும் இந்தத் தொல்லையைக் குறைக்கும். பிரிக்கும் வேலை இல்லாததால் சீக்கிரமும் திறக்கும்.

இந்த இரண்டு வகையையும் ஒற்றைக்கோப்புப் பொதி, கோப்புறைப் பொதி என்று சொல்லலாம். நிறுவி என்பது இவற்றிலிருந்து வேறு: செயலியைக் கணினியில் உரிய இடங்களில் எடுத்துவைத்து, மெனுவில் பெயர் சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது. நிறுவிக்குள் ஒரு தன்னிறைவு இயங்குகோப்பும் இருக்கலாம். கோ மொழியில் போல நிரலகங்கள் தொகுக்கும்போதே இயங்குகோப்போடு ஒன்றாகிவிடுவது நிலை இணைப்பு. அங்கே பொதிதல் என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் இணைத்தல் என்றே எழுதுங்கள்.