பழைய ஜீப்பின் பல்சக்கரக் கணக்கு

பழைய மகிந்திரா ஜீப் ஒன்றை வாங்கி, வீட்டு முற்றத்திலேயே பிரித்துச் சீர்செய்ய நினைப்பவர்களுக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் ஏற்ற இடங்கள். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி வளர்ந்த லேத் பட்டறைகளில், கடையில் கிடைக்காத ஒரு தண்டையோ புஷ்ஷையோ மாதிரியைக் காட்டிக் கடைந்து வாங்கிவிடலாம். சீர்செய்த வண்டியை ஓட்டிப் பார்க்க வத்தல்மலையின் ஏற்றமும் பெட்டமுகிலாளம் செல்லும் மலைப்பாதையும் இருக்கின்றன. அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் வண்டியை இறக்காமல் இருந்தால் போதும். ஆனால் வண்டி கைக்கு வந்ததும் பெரும்பாலோர் போடும் திட்டத்தில் பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங், வேறு எஞ்சின் ஆகிய மூன்றும்தாம் முதலில் நிற்கின்றன. எஞ்சினில் பிறக்கும் முறுக்கு விசை எத்தனை பல்சக்கரங்களைக் கடந்து, எவ்வளவாகப் பெருகித் தரையைச் சேர்கிறது என்ற கணக்கைப் போட்டுப் பார்த்தால், இந்த மூன்றில் எது தேவை, எது வீண் செலவு என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

சிஜே-3பி வகை ஜீப்பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் இதை 1953-இல் வெளியிட்டது. முந்தைய ஜீப்புகளைவிட இதன் பானெட் உயர்ந்து நிற்பதற்குக் காரணம், காற்றை உள்வாங்கும் வால்வுகள் ஹெட்டிலும் புகையை வெளியேற்றும் வால்வுகள் பிளாக்கின் பக்கவாட்டிலும் அமைந்த அதன் உயரமான ஹரிகேன் எஞ்சின்தான். 1947 முதல் வில்லிஸ் ஜீப்புகளின் பாகங்களை இங்கே பூட்டி விற்றுவந்த மகிந்திரா நிறுவனம், அமெரிக்காவில் 1968-இல் இந்த வகை நின்றுபோன பிறகும் இங்கே பல ஆண்டுகள் தயாரித்தது. 2.2 லிட்டர் கொள்ளளவுள்ள அந்தப் பெட்ரோல் எஞ்சின் புதிதாக இருக்கும்போது தரும் உச்ச முறுக்கு விசை ஏறத்தாழ 155 நியூட்டன் மீட்டர். இன்றைய சிறிய டீசல் கார்கூட இதைவிட அதிகம் தருகிறது; அந்தக் கார் ஏற முடியாத கல்பாதையில் இந்த ஜீப் எப்படி ஏறுகிறது?

விடை மூன்று பெருக்கல்களில் இருக்கிறது. முதல் கியரில் எஞ்சின் 2.798 சுற்றுச் சுற்றினால் கியர் பாக்ஸின் வெளித்தண்டு ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அதன் பின்னால், விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாழ் நிலைக்கு மாற்றினால் மேலும் 2.46 மடங்கும், ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் என்ற பல்சக்கர இணையில் 5.38 மடங்கும் வேகம் குறைகிறது. மூன்றையும் பெருக்கினால் 37 வருகிறது. வேகம் 37-இல் ஒரு பங்காகும்போது, உராய்வில் கழிவதைத் தள்ளிவிட்டால், முறுக்கு விசை 37 மடங்காகிறது. 155 என்பது 5,700 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிடுகிறது. பழைய வண்டிகளில் ஆக்சில் இடையில் மாற்றப்பட்டிருக்கக்கூடும் என்பதால், இந்த விகிதத்தை ஏட்டைப் பார்த்து நம்பாமல் அளந்து பார்ப்பது நல்லது. மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, அந்தச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்றுகள் சுற்ற வேண்டும். அதற்குள், விசையை ஆக்சிலுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டான புரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுவே கிரவுன் பினியனின் விகிதம்.

இனி இந்த முறுக்கு விசை தரையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய 6.00-16 டயரின் ஆரம் ஏறத்தாழ 0.36 மீட்டர். 5,700-ஐ அதனால் வகுத்து, பல்சக்கரங்களில் 15 விழுக்காடு கழிந்துவிடுவதாகக் கொண்டாலும், ஏறத்தாழ 1,350 கிலோகிராம் எடைக்கு நிகரான இழுவிசை கிடைக்கிறது. ஜீப்பின் எடை ஒரு டன்; இருவரும் சாமான்களும் ஏறினால் 1,200 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். 30 பாகைச் சரிவில் அந்த எடையை மேலே தள்ள வேண்டிய விசை, 1,200-இல் பாதியான 600 கிலோகிராம் மட்டுமே. அதாவது எஞ்சின் தேவைக்கு இரு மடங்குக்கும் மேலாகத் தருகிறது. தேய்ந்துபோய் முன்பிருந்த வலிமையில் 70 விழுக்காடே மிஞ்சியிருக்கும் எஞ்சினும் இந்த ஏற்றத்துக்குப் போதும்.

அப்படியானால் வண்டி நின்றுபோவது எதனால்? அதே சரிவில் சக்கரங்கள் தரையை அழுத்தும் விசை 1,040 கிலோகிராம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. கற்கள் நிறைந்த மண்பாதையில் உராய்வுக் குணகம் 0.6 என்று கொண்டால், நான்கு சக்கரங்களும் சேர்ந்து தரையைப் பற்றக்கூடிய உச்ச விசை ஏறத்தாழ 620 கிலோகிராம், தேவையோ 600. நான்கு சக்கரமும் இழுத்தால் வண்டி மயிரிழையில் ஏறிவிடும், பின்சக்கரங்கள் இரண்டு மட்டும் இழுத்தால் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் ஏறாது. ஆகவே இந்த வண்டிக்கு எல்லை வகுப்பது தரையின் பிடிமானம். பெரிய எஞ்சின் பொருத்துவதால் சக்கரம் இன்னும் வேகமாக வழுக்குமே தவிர, ஏற்றம் எளிதாகாது. அந்தப் பணத்தை டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்துப் புதுப்பிப்பதில் செலவிட்டால் பலன் அதிகம். தாழ் நிலையில் முழுச் சுமையையும் தாங்கும் இடைத்தண்டும் அதன் உருளைத் தாங்கிகளும்தாம் அதில் முதலில் தேய்கின்றன. கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறதென்றால், முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

நான்கு சக்கரங்களையும் இணைக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. வண்டி வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் செல்வதால், முன் ஆக்சில் சற்று அதிகம் சுற்ற வேண்டும். இந்த ஜீப்பில் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்தரும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறது. சேற்றிலும் மணலிலும் டயர் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிக்கட்டிக்கொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை என்பதால், ஷாஃப்டுகள் முறுக்கேறி, லீவர் இறுகிப்போய் வெளியே வர மறுக்கும். அப்போது சுத்தியலைத் தேடாமல், வண்டியைச் சிறிது தூரம் நேராகப் பின்னுக்கு ஓட்டினால் முறுக்கு தளர்ந்து லீவர் இலகுவாகும்.

இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள டிஃபரன்ஷியலின் குணம் இதற்கு நேர்மாறானது. அது இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் சம அளவு முறுக்கு விசையையே பகிர்கிறது. ஒரு சக்கரம் பள்ளத்தின் மேல் தொங்கினால் அதைச் சுற்றத் தேவையான விசை மிகக் குறைவு. மறு பக்கச் சக்கரத்துக்கும் அதே குறைந்த விசைதான் கிடைக்கும் என்பதால் வண்டி நின்றுவிடும். அந்நேரத்தில் ஆக்சிலரேட்டரோடு பிரேக்கையும் இலேசாக அழுத்தினால், தொங்கும் சக்கரத்தில் தடை கூடி, அதற்கு ஈடான விசை தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் செல்லும். ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால், பின் ஆக்சிலில் டிஃபரன்ஷியலைப் பூட்டும் லாக்கரைப் பொருத்துவதையே நான் சொல்வேன்; அது நேரடியாகப் பிடிமானத்தைக் கூட்டுகிறது. ஆனால் பூட்டிய நிலையில் ஒரே ஆக்சில் தண்டு முழு விசையையும் தாங்க நேரும் என்பதால், பழைய தண்டுகளின் பற்களை முதலில் சோதிக்க வேண்டும்.

ஸ்பிரிங்கை உயர்த்துவது பார்ப்பதற்கு எளிய வேலை. பட்டைகளைக் கூட்டியோ ஸ்பிரிங்கை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளை நீட்டியோ 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் அடிப்பாகம் கல்லில் இடிக்காது என்பது உண்மைதான். ஆனால் இந்த ஜீப்பின் முன்பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. அதனால் பின் புரொபெல்லர் ஷாஃப்டின் நீளம் ஏறத்தாழ அரை மீட்டர் மட்டுமே. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஷாஃப்டில் 5 சென்டிமீட்டர் உயர்வு இரண்டு பாகைக்கும் குறைவான சாய்வையே உண்டாக்கும், அரை மீட்டர் ஷாஃப்டிலோ அது ஏறத்தாழ ஆறு பாகையாகிறது. ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட் எனப்படும் சிலுவை வடிவ மூட்டு, சாய்ந்த நிலையில் சீரான வேகத்தைக் கடத்துவதில்லை. ஒரு சுற்றுக்குள் இருமுறை வெளிமுனை முந்தும், இருமுறை பின்தங்கும். 10 பாகைச் சாய்வில் இந்த ஏற்ற இறக்கம் 1.5 விழுக்காடு, 20 பாகையில் 6 விழுக்காட்டுக்கும் அதிகம். டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் இந்த ஜீப்பின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,370 சுற்றுகள் சுற்றுகிறது என்பதால், அந்த ஏற்ற இறக்கம் நொடிக்கு 80 முறை நிகழ்ந்து இருக்கையிலும் ஸ்டியரிங்கிலும் அதிர்வாகத் தெரியும்.

இரு முனைகளிலும் சாய்வு சமமாக இருந்து, மூட்டுகளைப் பிடித்திருக்கும் ஷாஃப்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் அமைந்தால், முதல் மூட்டு உண்டாக்கும் தடுமாற்றத்தை இரண்டாவது மூட்டு அப்படியே அழித்துவிடும். ஷாஃப்டின் வழுக்குப் பகுதியைக் கழற்றி மீண்டும் பூட்டும்போது ஒரு பல் தள்ளிப் பூட்டிவிட்டால் இந்த ஏற்பாடு குலைந்துவிடுகிறது. பிரிப்பதற்கு முன் இரு பகுதிகளின் மேலும் ஒரே நேர்கோட்டில் பெயின்டால் குறி வைப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வண்டியை உயர்த்தியவர்கள், ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே ஆப்பு வைத்துப் பினியனின் சாய்வைத் திருத்தி, இரு முனைச் சாய்வுகளையும் மீண்டும் சமமாக்க வேண்டும்.

பெரிய டயர் இந்தக் கணக்கில் கடைசிப் பல்சக்கரமாகச் செயல்படுகிறது. விட்டம் 28.5 அங்குலத்திலிருந்து 31 அங்குலமாகும்போது, சக்கரத்தின் விளிம்பில் கிடைக்கும் இழுவிசை எல்லாக் கியரிலும் 8 விழுக்காடு குறைகிறது. வேகமானி 60 காட்டும்போது வண்டி உண்மையில் 65-இல் போகும். நெடுஞ்சாலையில் எஞ்சினின் கூச்சல் சற்றுத் தணியும் என்பதும், அகன்ற டயரில் காற்றைக் குறைத்து மணலில் ஓட்டலாம் என்பதும் நியாயமான ஆதாயங்களே. பிரேக்கின் மீது விழும் கூடுதல் சுமையை மட்டும் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்தச் சுமை எவ்வளவு என்பதை இறக்கத்தில் அறியலாம். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்கும் 1,200 கிலோகிராம் வண்டி, 100 மீட்டர் உயரம் இறங்குவதற்குள் ஏறத்தாழ 12 இலட்சம் ஜூல் ஆற்றலை இழந்தாக வேண்டும். நான்கு பிரேக் டிரம்களும் சேர்ந்து 25 கிலோகிராம் வார்ப்பிரும்பு என்று வைத்துக்கொண்டு, அந்த ஆற்றல் முழுவதையும் அவையே வாங்கினால், அவற்றின் வெப்பநிலை 100 செல்சியசுக்கு மேல் உயரும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட்-3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 செல்சியசுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி, ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 ஆகக் குறைந்துவிடுகிறது. கொதித்துக் குமிழி உண்டானால் மிதி தரையைத் தொட்டுவிடும். பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் சுற்று என்பதால், ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினாலும் எல்லாப் பிரேக்கும் போகும். ஆகவே வீட்டில் தொடங்கும் சீரமைப்பில் பெயின்டுக்கு முன்னால் நான்கு வீல் சிலிண்டர்களையும் மாஸ்டர் சிலிண்டரையும் இரும்புக் குழாய்களையும் மாற்றிவிட வேண்டும். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வைத்தால், அதே பல்சக்கரப் பெருக்கம் தலைகீழாக வேலை செய்து, எஞ்சினின் சிறிய தடையைப் பெரிய தடையாக்கிச் சக்கரத்துக்கு அனுப்பும்.

வேகத்தைக் கொடுத்து விசையை வாங்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் உண்டு. தாழ் நிலையில் முதல் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்றுச் சுற்றும்போது ஜீப் மணிக்கு 4 கிலோமீட்டர்கூடப் போவதில்லை. எதிர்க்காற்று இல்லாததால் எஞ்சினின் வெப்பம் முழுவதையும் விசிறியும் ரேடியேட்டருமே வெளியேற்ற வேண்டும். நம் பகுதியில் சிக்கல் தொடங்குவது இங்கேதான். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடேறும்போது சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகச் சுவரில் படிகிறது. அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன் வார்ப்பிரும்பின் திறனில் ஏறத்தாழ 25-இல் ஒரு பங்குதான். எனவே ஒரு மில்லிமீட்டர் படிவு, எஞ்சினின் சுவர் இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் தடித்துவிட்டதற்குச் சமம். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 செல்சியசிலேயே கொதித்துவிடும் என்பதால், அழுத்தத்தைத் தாங்கும் ரேடியேட்டர் மூடியும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். சிட்ரிக் அமிலக் கரைசலால் கழுவி, பிளாக்கின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து கசடை வெளியேற்றி, பின்னர் கூலன்ட்டை வாலை வடிநீரில் கலந்து ஊற்றினால், “இந்த எஞ்சின் சூடாகிறது, மாற்றிவிடலாம்” என்று கைவிடப்பட்ட வண்டிகள் பலவும் மீண்டும் வழக்கம்போல ஓடும்.

எஞ்சினை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. எஞ்சின் மாற்றத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். 2021-இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த சொந்தப் பயன்பாட்டு வண்டிகளைத் தொன்மை வாகனம் என்ற தனிவகையில் 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்தாண்டுகளுக்குப் பதியலாம். அதற்குச் சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் ஏதும் இருக்கக் கூடாது. பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்த முடியாது.