446 பைட்டுகளில் நடக்கும் மாற்றம்: லிலோவிலிருந்து கிரப்புக்கு

பழைய கணினியின் மின்பொத்தானை அழுத்தியதும் விழித்தெழும், மதர்போர்டில் பதிந்துள்ள தொடக்க நிரலான பயாஸுக்கு லினக்ஸ் என்றால் என்ன, கோப்பு என்றால் என்ன என்பதெல்லாம் தெரியாது. வன்வட்டின் முதல் செக்டரில் இருக்கும் 512 பைட்டுகளை நினைவகத்தில் ஏற்றி, கட்டுப்பாட்டை அவற்றிடம் ஒப்படைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அந்த 512 பைட்டுகளில் 446 மட்டுமே இயங்குதளத்தைத் துவக்கிவைக்கும் பூட் லோடரின் நிரலுக்கு உரியவை. அடுத்த 64 பைட்டுகளில் வட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணையும், கடைசி இரண்டில் அடையாளக் குறியும் இருக்கின்றன. இவ்வளவு குறுகிய இடத்தில் இருந்துகொண்டு, பல லட்சம் பைட்டுகள் கொண்ட, லினக்ஸின் மையமான கர்னலை எப்படித் தேடிப் பிடிப்பது?

1990களில் பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்கள் நம்பியிருந்த லிலோ என்ற பூட் லோடர், தேடும் வேலையை முன்கூட்டியே முடித்துவைத்தது. லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது லிலோ கட்டளையை இயக்கினால், கர்னல் கோப்பு வட்டின் எந்தெந்த இடங்களில் கிடக்கிறது என்று கண்டறிந்து, அந்த முகவரிகளை ஒரு பட்டியலாக எழுதிவைக்கும். துவக்கத்தின்போது கோப்பின் பெயரைப் பாராமல், பட்டியலில் உள்ள இடங்களுக்கே நேராகச் சென்று படிக்கும். கதவிலக்கம் எழுதிய சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரைத் தேடிப் போவதைப் போன்றது இது. அவர் வீடு மாறிவிட்டால் சீட்டு பயன்படாது. அதே பெயரில் புதிய கர்னலை நிறுவிவிட்டு லிலோவை மீண்டும் இயக்க மறந்தாலும், பழைய கர்னல் இருந்த இடத்தில் வேறு தரவு எழுதப்படாத வரை கணினி வழக்கம்போலத் துவங்கிக்கொண்டிருக்கும். பிறகு ஒருநாள், காரணமே புலப்படாமல் நின்றுவிடும். தன் பெயரின் நான்கு எழுத்துகளை ஒவ்வொரு படியிலும் திரையில் காட்டும் லிலோ, ‘எல்’, ‘ஐ’ என்ற இரண்டோடு நின்றால், இரண்டாம் நிலை நிரல் நினைவகத்துக்கு வந்தும் இயங்கவில்லை என்று பொருள்.

1995இல் எரிக் போலின் எழுதத் தொடங்கிய கிரப் என்ற பூட் லோடரோ, வட்டில் கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் கோப்பு முறைமையையே படிக்கக் கற்றுக்கொண்டது. முதல் செக்டரில் உள்ள அதன் நிரலுக்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரிதான்: கிரப்பின் மையப்பகுதி தொடங்கும் இடம். பழைய வட்டுகளில் முதல் பிரிவு (0இலிருந்து எண்ணினால்) 63ஆம் செக்டரில் தொடங்குவதால், இடையில் 62 செக்டர்கள், அதாவது 31,744 பைட்டுகள், வெறுமையாக இருக்கும். கிரப்பின் மையப்பகுதி அங்கே குடியேறி, பூட் அடைவைத் திறந்து, கர்னலைப் பெயர் சொல்லியே எடுக்கிறது. பல வட்டுகளையோ பிரிவுகளையோ ஒன்றிணைத்துக் கையாளும் ரெய்டு, எல்விஎம் போன்றவற்றுக்கான நிரல்களும் சேர்ந்தால் இந்த இடம் போதாமல் போகலாம். 2048ஆம் செக்டரில் பிரிவு தொடங்கும் புதிய வட்டுகளில் இந்த நெருக்கடி இல்லை.

லிலோவின் மேம்பாடு 2015இன் இறுதியில் நிறுத்தப்பட்டுவிட்டதால், இன்னும் அதனோடு ஓடும் கணினியைக் கிரப்புக்கு மாற்றிவிடுவதே நல்லது. முதலில் டிடி கட்டளையால் முதல் செக்டர் முழுவதையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். திரும்ப எழுத நேர்ந்தால் 446 பைட்டுகளை மட்டுமே எழுத வேண்டும் என்பதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன்: இடையில் பிரிவுகளை மாற்றியிருந்தால், 512ஐயும் எழுதுவது பழைய அட்டவணையைக் கொண்டுவந்து, தரவை எட்டாததாக்கிவிடலாம். அடுத்து, லிலோவின் அமைப்புக் கோப்பில், கர்னலுக்குக் கொடுக்கும் கூடுதல் விருப்பங்கள் உள்ள ‘அப்பெண்ட்’ வரியைப் பார்க்க வேண்டும். பழைய மதர்போர்டுக்காக என்றோ சேர்த்த, மின்சக்தி மேலாண்மைக்கான ஏசிபிஐ தொடர்பான விருப்பம் அங்கே இருக்கக்கூடும். அதைக் கிரப்பின் அமைப்பில் சேர்க்காவிட்டால் மெனு சரியாக வந்தும் கர்னல் பாதியில் உறைந்துவிடலாம்.

அதன்பின் கிரப்-இன்ஸ்டால் கட்டளையைப் பிரிவின் பெயருக்கன்றி, முழு வட்டின் பெயருக்குக் கொடுத்து, மெனு கோப்பையும் உருவாக்க வேண்டும். மறுதுவக்கம் தவறினாலும் நிறுவாமலே இயங்கும் லைவ் சிடியில் துவங்கி, லினக்ஸ் நிறுவப்பட்டுள்ள மூலப் பிரிவை இணைத்து, சிஎச்ரூட் கட்டளை வழியாக அந்த லினக்ஸுக்குள் சென்று அதே கட்டளையை மீண்டும் இயக்கலாம். கணினி ஒருமுறை நல்லபடியாகத் துவங்கிய பிறகு லிலோ பொதியை நீக்கிவிட வேண்டும். அது அங்கேயே இருந்து, அடுத்த கர்னல் புதுப்பிப்பின்போது இயங்க நேர்ந்தால், கிரப்பின் முதல் செக்டர்மேல் தன்னை எழுதிக்கொள்ளும்.