ஹியூமன் ஃபாக்டர்ஸ்: மனிதக் காரணியா, மனிதக் கூறா?

ராணுவத் தளவாடங்களுக்கான தொழில்நுட்பங்களைப் பட்டியலிடும்போது இரண்டு தலைப்புகள் அருகருகே வரும். ஒன்று பயிற்சி, மற்றது ஹியூமன் ஃபாக்டர்ஸ். பயிற்சியில் சிக்கல் இல்லை. இரண்டாவது, ஆளின் உடலுக்கும் மனத்துக்கும் பொருந்தும்படி கருவியை வடிவமைக்கும் துறை. அதைத் தமிழில் 'மனிதக் காரணிகள்' என்று எழுதிவருகிறோம். அது படிப்பவரை நேர் எதிர்த்திசைக்கு இழுத்துச் செல்கிறது.

லத்தீனில் ஃபாக்டர் என்றால் செய்பவர். கடலூர்க்காரர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, தன் வணிக முகவர்களை ஃபாக்டர் என்றே அழைத்தது. அவர்கள் சரக்கு வாங்கி அடுக்கிய பண்டகசாலைதான் அன்றைய ஃபாக்டரி. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர்களுக்கு 'ஃபக்தர்' என்றால் தபால்காரர். ஆளைக் குறித்த இந்தச் சொல்தான் பின்னாளில், ஒரு விளைவில் பங்குள்ள கூறு எதற்கும் பெயரானது.

காரணியும் 'செய்' என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்ததே. ஆனால் தமிழ்க் காதில் அது காரணம் என்றே விழும். 'மனிதக் காரணிகளால் விபத்து' என்று படித்தால், ஓட்டியவர்மேல் பழி என்றே கொள்வோம். இந்தத் துறை தலையெடுத்த கதையோ அந்தப் பழியைத் துடைத்த கதை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிறு தரையில் உரசச் சரிந்தன. இறக்கை மடல்களை மடக்கப் போன விமானி சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டார். விமானியின் தவறு என்று கணக்கை முடித்தார்கள். உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் விமானி அறைக்குள் பார்த்தார். இரண்டு விசைகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே வடிவில் இருந்தன. சக்கர விசையின் நுனியில் சிறிய ரப்பர் சக்கரம், மடல் விசையில் ஆப்பு வடிவத் துண்டு. இவ்வளவுதான் அவர் சொன்ன மருந்து. கண் ஓடுபாதையில் இருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். இன்றைய பயணிகள் விமானங்களிலும் சக்கர விசையின் தலை சக்கரம்போலவே இருக்கிறது.

இதைப் பயிற்சியின்கீழ் சேர்த்திருந்தால், பாவம், அந்த விமானியை மேலும் பழக்கிக்கொண்டே இருந்திருப்பார்கள். பட்டியல் போடுபவர் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: மாற வேண்டியது ஆளா, கருவியா? சிமுலேட்டர் மட்டும் இரண்டு தலைப்பிலும் இடம்பெறலாம். ஆளைப் பழக்குவதற்கும் புதிய விசையமைப்பைச் சோதிப்பதற்கும் அது உதவுகிறது. உடலளவு, கை எட்டும் தூரம், பணிச்சுமை, எச்சரிக்கை ஒலி எல்லாம் இரண்டாவதில் அடங்கும்.

'பணிச்சூழலியல்' இருக்கிறதே என்பார்கள். அது எர்கோனாமிக்ஸுக்கு அமைந்த சொல்; கிரேக்கத்தில் எர்கோன் வேலை, நோமோஸ் விதி. இரண்டும் ஏறக்குறைய ஒரே துறைதான். ஆனால் சூழல் என்றதும் மனம் காற்று, வெளிச்சம், நாற்காலி என்று போய்விடுகிறது. கவனமும் நினைவும் பின்னுக்குப் போகின்றன.

என் தேர்வு 'மனிதக் கூறுகள்'. உடற்கூறு நமக்குப் பழகிய சொல். அதன் வரிசையில் இது இயல்பாக உட்காரும். துறையை மனிதக்கூறுப் பொறியியல் எனலாம். 'இந்தப் பீரங்கி வண்டியின் மனிதக் கூறுகள் சோதிக்கப்பட்டன' என்ற வாக்கியத்தில் யார்மேலும் பழி விழவில்லை. காரணியைக் கணக்குப் பாடத்துக்கு விட்டுவிடுவோம்.