கன்ட்ரோலருக்கு ஒரு டப்பா

நாட்டுக்கோழி முட்டைகளுக்காக இன்குபேட்டர் ஒன்றைச் செய்தபோது, அதன் வெப்பநிலையைக் காக்கும் கன்ட்ரோலர் ஒரே மாலையில் தயாராகிவிட்டது. 12 வோல்ட்டில் ஓடும் டபிள்யூ1209 என்ற சின்ன போர்டு, அதற்கு ஓர் அடாப்டர், 40 வாட் குண்டு பல்பு இரண்டு. வெப்பநிலை 37.5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் போர்டில் இருக்கும் ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், பல்பைப் போடும், ஏறினால் அணைக்கும். ஆனால் அந்த போர்டை எந்த டப்பாவில், எங்கே வைப்பது என்பது புரிய எனக்கு இரண்டு ஈடு முட்டைகள் செலவாயின.

முதல் ஈட்டுக்கு, போர்டு, அடாப்டர், சென்சார் எல்லாவற்றையும் துளை போட்ட ஒரே டப்பாவில் அடைத்து, இன்குபேட்டருக்குள்ளேயே வைத்தேன். 21ஆம் நாள் பொரிக்க வேண்டிய முட்டைகள் 23ஆம் நாள்தான் விரியத் தொடங்கின. காரணம் டப்பாவேதான். ரிலேயின் சுருளும் அடாப்டரும் சேர்ந்து ஒன்றிரண்டு வாட் வெப்பத்தை ஓயாமல் விட்டுக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே இருந்த சென்சார் அந்தச் சூட்டையும் சேர்த்துப் படித்தது. அது 37.5 என்று காட்டியபோது முட்டைகளைச் சுற்றி இருந்த காற்று அதைவிடக் குளிராக இருந்திருக்கிறது. வெப்பம் சற்றே குறைந்தாலும் கருவின் வளர்ச்சி மெதுவாகும், குஞ்சு தாமதமாக வரும்.

சரி, டப்பாவை வெளியே கொண்டுபோகலாம் என்று இரண்டாவது ஈட்டுக்கு அதை இன்குபேட்டரின் வெளிச்சுவரில் திருகினேன். சுவரில் ஒரு துளை போட்டு, சென்சார் வயரை மட்டும் உள்ளே அனுப்பினேன். அது மார்கழி மாதம். மூன்றாவது வாரத்தில் ஒரு காலை மூடியைத் திறந்தால், உள்ளே வியர்த்திருந்தது. போர்டின் மேல் முத்து முத்தாகத் தண்ணீர்!

கடைசி மூன்று நாட்களில் ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு காய்ந்துவிடாமல் இருக்க, இன்குபேட்டரின் ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவார்கள். 37.5 டிகிரியில் 65 சதவீத ஈரப்பதம் கொண்ட காற்று, சுமார் 30 டிகிரிக்கு ஆறினாலே பனித்துவிடும். மார்கழி இரவில் வெளியே இருந்த டப்பாவோ 22, 23 டிகிரியில் கிடந்தது. நான் அடைக்காமல் விட்ட சின்ன வயர் துளை வழியாக ஈரக்காற்று ஊர்ந்து போய் அங்கே நீராக மாறியது. வெளியிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை. போர்டு 12 வோல்ட்டில் ஓடினாலும், பல்புக்கான 230 வோல்ட் அதன் ரிலே வழியாகத்தான் போகிறது. அதில் இப்படி ஈரம் படிந்தால் முதலில் சாலிடர் இணைப்புகள் பச்சை பூக்கும், அப்புறம் ஈரத்தின் வழியே மின்சாரம் கசியும். எனவே அந்தத் துளையை அடைத்தே ஆக வேண்டும். சிலிக்கோன் வைத்து அடைப்பதாக இருந்தால் வினிகர் வாசம் அடிக்கும் வகையை வாங்காதீர்கள். அது காயும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் என்று எழுதியிருக்கும் வகை நல்லது.

எல்லாத் துளையையும் அடைத்துவிட்டால் உள்ளே சூடு சேராதா என்ற பயம் நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், 6 உயரம் உள்ள டப்பாவின் மொத்தப் பரப்பு 600 சதுர சென்டிமீட்டர், அதாவது 0.06 சதுர மீட்டர். மூடிய பிளாஸ்டிக் டப்பாவின் சுவர், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 வாட்டை வெளியேற்றும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் நம் டப்பா ஒரு டிகிரிக்கு 0.3 வாட் வெளியேற்றும். உள்ளே 2 வாட் பிறந்தால் சுமார் 7 டிகிரி ஏறும். பல்பு ஓட்டும் கன்ட்ரோலருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, காற்றுத் துளையே வேண்டாம்.

அதே டப்பாவில் 1500 வாட் ஹீட்டரை ஓட்டும் சாலிட் ஸ்டேட் ரிலேயை, அதாவது அசையும் முனை இல்லாத மின்னணு ரிலேயை, வைத்தால் கதை வேறு. அந்த வகை ரிலே, தன் வழியே ஓடும் ஒவ்வோர் ஆம்பியருக்கும் சுமார் ஒரு வாட்டைச் சூடாக விடும். 1500 வாட் என்றால் 6.5 ஆம்பியர். ரிலே மட்டுமே 20 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் அறையே 40 டிகிரி இருக்கும்போது உள்ளே 60 தாண்டும். அடாப்டரில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் ஆயுள், ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய பாதியாகும். அங்கே ரிலேயைச் சூட்டை இழுத்து வெளியே விடும் அலுமினிய ஹீட்சிங்கில் பொருத்தி, ஹீட்சிங்கின் துடுப்புகள் டப்பாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு வைக்க வேண்டும். சூட்டுக்கு மட்டும் வழி விட்டால் போதும், காற்றுக்கு வழி விட வேண்டியதில்லை.

எந்தப் பொருளில் டப்பா? கையில் கிடைத்த டிபன் டப்பாவிலும் ஐஸ்கிரீம் டப்பாவிலும் வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அவை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். ரிலே முனையில் பொறி பறந்தால் உருகி, எரிந்தபடி சொட்டும். எலக்ட்ரிக்கல் கடையில் விற்கும் பிவிசி அல்லது பாலிகார்பனேட் ஜங்ஷன் பாக்ஸ் இதற்கென்றே செய்யப்பட்டது, தானாகத் தீ பரப்பாது. முப்பரிமாண அச்சில் பிஎல்ஏ இழையால் செய்தால் அழகாக வரும், ஆனால் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். இரும்பு, அலுமினிய டப்பாக்கள் சூட்டை நன்றாகக் கடத்தும். அதற்கு ஈடாக டப்பா உடலுக்கும் மூடிக்கும் தனித்தனியாக எர்த் வயர் கொடுத்தே ஆக வேண்டும். மூடிக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் பெயின்ட், தொடர்பை அறுத்துவிடலாம். வீட்டில் செய்யும் வேலைக்கு நான் பிளாஸ்டிக்கையே சொல்வேன்.

இன்குபேட்டரைத் தெர்மோகோலில் செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பிவிசி வயர் தெர்மோகோலைத் தொட்டுக்கொண்டே இருந்தால், வயரை வளைய வைக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல தெர்மோகோலுக்குள் போய்விடும். தெர்மோகோல் கரைந்து பள்ளமாகும், வயர் விறைத்து விரிசல் விடும். வயர் போகும் இடத்தில் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயைச் செருகுங்கள்.

கடையில் வாங்கும் டப்பாவில் ஐபி 55, ஐபி 65 என்று காப்புத் தரம் போட்டிருக்கும். முதல் இலக்கம் விரல், கம்பி, தூசி உள்ளே போகாமல் காப்பதைச் சொல்லும், இரண்டாவது தண்ணீரைச் சொல்லும். ஆனால் நாம் ஒரு துளை போட்ட நிமிடமே அந்த எண் செத்துவிடும். அதை மீட்பது, துளையில் வயரைச் சுற்றி இறுகும் கேபிள் கிளாண்ட்தான். பிஜி7 அளவு கிளாண்ட், 3 முதல் 6.5 மில்லிமீட்டர் வரை தடிமன் உள்ள உருண்டை வயரை இறுக்கிப் பிடிக்கும். யாராவது வயரை இழுத்தாலும் இழுவை சாலிடர் இணைப்புக்குப் போகாது. எறும்பும் பல்லியும் வராது. இரண்டுமே ரிலே பக்கத்தில் செத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். துளைகளை டப்பாவின் அடிப்பக்கத்தில் போட்டு, வயர் கீழே தொங்கி வளைந்து மேலேறி நுழையுமாறு விட்டால், வயரோடு வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

டிஸ்பிளேக்கு நாற்சதுரம் வெட்டுவதுதான் கை நடுங்கும் இடம். மூடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் கோடு போடுங்கள். கோட்டுக்குள்ளே வரிசையாகச் சின்னத் துளைகள் போட்டு, நடுத்துண்டைத் தட்டி எடுத்து, மீதியை அரத்தால் தேயுங்கள். போர்டை அதற்கு அப்புறம்தான் உள்ளே வைக்க வேண்டும். டபிள்யூ1209 போர்டின் அடியில் ரிலேயின் மின்முனைகள் திறந்தே இருக்கும். அதனால் 10 மில்லிமீட்டர் நைலான் தூண்கள் மேல் நிறுத்துங்கள், அருகில் இரும்புத் திருகு எதுவும் வேண்டாம். ஃபேஸ் வயர் டப்பாவுக்குள் நுழைந்தவுடன் ஒரு ஃபியூஸ், அப்புறம் ரிலே. ரிலே வெட்டுவது ஃபேஸையாக இருக்க வேண்டும், நியூட்ரலை அல்ல.

மூன்றாவது ஈட்டுக்கு முன், முட்டை வைக்காமல் மூடியைத் திருகி மூடி, டப்பாவுக்குள் ஒரு தெர்மாமீட்டர் முனையை விட்டு இரண்டு மணி நேரம் ஓட்டினேன். அறை 31, டப்பாவுக்குள் 37. கணக்கில் வந்த 7 டிகிரிக்கு ஒன்றே ஒன்று குறைவு. முட்டைத் தட்டின் உயரத்தில் தொங்கிய சென்சார் 37.5 காட்டியது, பக்கத்தில் வைத்த இன்னொரு தெர்மாமீட்டரும் அதையே காட்டியது. மறுநாள் காலை முட்டைகளை அடுக்கினேன்.