“இது சின்ன கேஸும்மா” என்று ஸ்டேஷனில் சொன்னால்

போன வருஷம் வரப்புத் தகராறில் பக்கத்துக் காட்டுக்காரர் என் பெரியம்மாவைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். ஸ்டேஷனுக்கு மூன்று நாள் நடந்தோம். “இது சின்ன கேஸும்மா, பேசி முடிச்சுக்குங்க” என்றார் ரைட்டர். நான்காம் நாள் ஒரு ரசீது கொடுத்தார்கள். பெரியம்மா அதை ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, கேஸ் போட்டாயிற்று என்று ஊரெல்லாம் சொன்னார். கையில் இருந்ததோ சி.எஸ்.ஆர். ரசீது, மனு வாங்கியதற்கான அத்தாட்சி மட்டும். வழக்குப் பதிவாகும் முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., போடப்படவே இல்லை. பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தக் குழப்பத்தைப் பார்க்கிறேன்.

சட்டம் குற்றங்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. வாரன்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்து, தானாகவே விசாரிக்கக்கூடியவை காக்னிசபிள் குற்றங்கள். கோர்ட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாதவை நான்-காக்னிசபிள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் முதல் வகைக்கு 173-வது பிரிவு, இரண்டாம் வகைக்கு 174-வது பிரிவு. கையால் அடித்து லேசான காயம், வேண்டுமென்றே அவமதித்துச் சண்டைக்கு இழுப்பது போன்றவை இரண்டாம் வகை. ரைட்டர் “சின்ன கேஸ்” என்றது இதைத்தான்.

ஆனால் சின்ன கேஸ் என்றால் எழுதத் தேவையில்லை என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. நான்-காக்னிசபிள் புகாராக இருந்தாலும் அதன் சாராம்சத்தை அதற்குரிய பதிவேட்டில் எழுத வேண்டும். புகார் கொடுத்தவரை மாஜிஸ்ட்ரேட்டிடம் போகச் சொல்ல வேண்டும். அப்படி வந்த புகார்களின் நாட்குறிப்பை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போலீஸ் மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்பவும் வேண்டும். “பேசி முடிச்சுக்குங்க” என்பது இதில் எங்கேயும் இல்லை. இரண்டு பேரும் மனமுவந்து சமாதானம் ஆனால் நல்லதுதான். ஆனால் ஸ்டேஷனில் உட்கார வைத்து, படித்துப் பார்க்கவும் விடாமல் கையெழுத்து வாங்குவதை நான் சமாதானம் என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம், சின்னதாகத் தெரிவதெல்லாம் சின்னதில்லை. கன்னத்தில் அறைவது நான்-காக்னிசபிள். ஆனால் போகிற வழியில் மறித்து நிறுத்துவது, அதற்குத் தண்டனை ஒரு மாதம்தான் என்றாலும், காக்னிசபிள். பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுவதும் அப்படியே. ஒரே சம்பவத்தில் இரண்டு வகையும் இருந்து, அதில் ஒன்றாவது காக்னிசபிள் என்றால், முழு வழக்கையும் காக்னிசபிளாகவே எடுக்க வேண்டும் என்கிறது 174-வது பிரிவு. பெரியம்மாவின் முதல் புகாரில் “அடித்தார்” என்று ஒற்றை வரிதான் இருந்தது. தண்ணீர் கட்டப் போனவரை வண்டித்தடத்தில் குறுக்கே நின்று மறித்ததை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நடந்ததை நடந்த வரிசையில், இடம், நேரம், சாட்சியோடு எழுதுங்கள். நடக்காததைச் சேர்க்காதீர்கள், பொய்ப் புகார் தனிக் குற்றம்.

திருட்டிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பு எந்தத் திருட்டும் காக்னிசபிள்தான். இப்போது திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் அது நான்-காக்னிசபிள் பக்கம் போய்விட்டது. களத்தில் மேய்ந்த நாலு கோழி போனால் இந்தக் கணக்கு. அதே கோழியை வீட்டுக்குள்ளிருந்து எடுத்தால் கணக்கு வேறு: குடியிருக்கும் வீட்டிலோ, பயணிகள் வாகனத்திலோ நடக்கும் திருட்டுக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு, அது காக்னிசபிள். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அத்திப்பள்ளி தாண்டி பஸ்ஸில் செல்போன் போனாலும் ஓசூரிலேயே புகார் கொடுக்கலாம். “எங்க லிமிட் இல்லை” என்று திருப்பி அனுப்பக் கூடாது. எஃப்.ஐ.ஆர். போட்டு, உரிய ஸ்டேஷனுக்கு மாற்ற வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான்.

அடிபட்டிருந்தால் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதுவார்கள், ஸ்டேஷனுக்கும் தகவல் போகும். எலும்போ பல்லோ உடைந்திருந்தாலும், 15 நாள் கடும் வலியில் கிடந்தாலும் அது கொடுங்காயம். வழக்கும் காக்னிசபிள் ஆகிவிடும். வீக்கம் வற்றிய பிறகு போனால் டாக்டரால் எதை எழுத முடியும்?

பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் அது சின்ன கேஸே இல்லை. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் முன் விசாரணை எதுவும் தேவையில்லாமல் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். அதைச் சாதாரண வாய்த்தகராறாக எழுத ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சி.எஸ்.ஆர். ரசீதுக்கு வருவோம். நம் மாநில ஸ்டேஷன்களில் மனு வாங்கியதற்கு அத்தாட்சியாக எண் போட்டுத் தருவது அது. வாங்காமல் வராதீர்கள், ஆனால் அதோடு நின்றுவிடவும் வேண்டாம். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலைக் காசில்லாமல் தர வேண்டும். சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆர். இரண்டின் நிலையையும் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம்.

காக்னிசபிள் புகாரையே எடுக்கவில்லை என்றால், அதை எழுதித் தபாலில் மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்புங்கள், பதிவுத் தபால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் மனுப் போடலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் போலீஸ் புகாரோடு நிற்கிறவர்களைத் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பார்க்கிறேன். அந்த மனு எஸ்.பி. அலுவலகத்துக்குத்தான் திரும்பிப் போகும்.

நான்-காக்னிசபிள் என்றால் நேராகவே மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம். போலீஸ் விசாரிக்க உத்தரவு கேட்கலாம், அல்லது தனிநபர் புகாராகவே கொடுக்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று பெரியம்மா தயங்கினார். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்றால், சம்பவம் நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்கு கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். லேசான காயம் இந்தக் கணக்கில்தான் வருகிறது. “நாளைக்கு வாங்க, இன்ஸ்பெக்டர் வரட்டும்” என்று ஸ்டேஷனில் போகிற நாட்களும் அந்த ஓராண்டுக்குள்தான் சேரும். நாங்கள் அந்த ரசீதை நம்பி ஏழு மாதம் காத்திருந்தோம். கோர்ட்டுக்குப் போனது எட்டாவது மாதத்தில்.