மூடுபனியைத் துடைத்துவிடாதீர்கள்

ஒரு பொதுக் கட்டடத்தின் மாடிப்படி ஜன்னலைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஆறு, கரையோர மரங்கள், பின்னால் மலை என்று ஆளுயர வண்ணக் கண்ணாடி ஓவியம். மலையடிவாரத்தில் மட்டும் கையகல இடம் பளிச்சென்று இருந்தது. அழுக்கு என்று நினைத்து யாரோ கண்ணாடி துடைக்கும் திரவத்தை அடித்துத் தேய்த்திருக்கிறார்கள். போனது அழுக்கு இல்லை, ஓவியர் தீட்டிய மூடுபனி.

இயற்கைக் காட்சி ஜன்னல்களில் இந்த ஆபத்து அதிகம். முகமோ உடையோ என்றால் கோடுகள் காட்டிக்கொடுத்துவிடும். பனியும் தொலைவும் நீர் நிழலும் மெல்லிய பூச்சுதான். பார்க்கத் தூசு மாதிரியே இருக்கும். கண்ணாடித் தூளும் உலோக ஆக்சைடும் கலந்த பூச்சு அது. சூளையில் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டால் கண்ணாடியோடு உருகி ஒட்டும். சூடு போதாமல் போயிருந்தால், பல வருடம் கழித்து ஈரத்துணி பட்டாலே கழன்று வரும். சுடாமலேயே தீட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. எது எந்த ரகம் என்று வெறும் பார்வையில் எனக்கே தெரியாது. பஞ்சை லேசாக நனைத்து ஓரத்தில் தொட்டுப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி, ஜான் லா ஃபார்ஜ் என்ற கண்ணாடிக் கலைஞர்கள் இருவரும் பால் கலந்தாற்போன்ற ஓபலசென்ட் கண்ணாடியைக் கையில் எடுத்தார்கள். வானத்தின் நிறமாற்றம் கண்ணாடிக்குள்ளேயே ஓடும். தொலைமலைக்கு ஆழம் வேண்டுமென்றால் கண்ணாடியின் பின்னால் இன்னொரு கண்ணாடி, அதன் பின்னால் இன்னொன்று. அழகுதான். ஆனால் அப்படி அடுக்கிய ஜன்னலில் தண்ணீர் தெளித்தால் இடுக்கு வழியே இறங்கி, உள்ளே இருக்கும் தூசியைச் சேறாக்கிவிடும். பிரிக்காமல் அதை எடுக்க வழியில்லை.

அப்புறம், கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஈயப்பட்டிகள். பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஜன்னல் வயிறு தள்ளியிருந்தால் கையால் அழுத்தி நேராக்க வேண்டாம், கண்ணாடி விரிசல் விடும். ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி தெரிந்தால் துடைப்பத்தால் தட்டவும் வேண்டாம். ஈயத் தூசி நஞ்சு. வெளிப்பக்கம் பாதுகாப்புக்கு பிளாஸ்டிக் தகடு போடுகிறவர்கள் நான்கு பக்கமும் அடைத்துவிடுகிறார்கள். காற்றுப் போக இடம் விடாவிட்டால் உள்ளே ஈரம் தங்கும்.

சரி, அந்தப் பனி என்ன ஆயிற்று? நல்லவேளையாகப் பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தது. மூலக் கண்ணாடியை மறுபடி சூளையில் வைக்கத் துணியவில்லை. மெல்லிய வெறுங்கண்ணாடி ஒன்றில் பனியைத் தீட்டிச் சுட்டு, பின்னால் பொருத்தி ஓரங்களை அடைத்தேன். பிடிக்கவில்லை என்றால் நாளைக்கு வருகிறவர் கழற்றிவிடலாம்.